பாத்திரத்துக்கு இல்லாத துக்கம் நமக்கு எங்கிருந்து வருகிறது?

கொட்டகைவாசல்

மூன்றாம் பிறை (1982) படத்தின் கடைசிக் காட்சியைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். கமல் அப்படி நடித்திருக்கிறார், அவருடைய வலி அப்படியே நமக்குள் இறங்குகிறது, அதனால் அழுகிறோம் என்று. நடிப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அந்தத் தேசிய விருது அவருக்கு வந்தது நியாயம். ஆனால் "அவருடைய வலி நமக்குள் இறங்குகிறது" என்ற விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அதைப் பேசத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஊட்டி பக்கத்து மலை ரயில் நிலையம். மழை, சேறு. விழுந்து அடிபட்ட சீனு (கமல்) நொண்டிக்கொண்டே ஓடி வருகிறான். நினைவிழந்து குழந்தைபோல் இருந்தபோது அவன் பார்த்துக்கொண்ட விஜி, இப்போது குணமாகி ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிட்டுப் பார்க்கிறான், அவள் திரும்பவில்லை. இருவரும் சேர்ந்து விளையாடிய குரங்கு விளையாட்டைத் தலையில் சட்டியை வைத்துக்கொண்டு ஆடிக் காட்டுகிறான். அவளுக்கு அவன் யாரோ ஒரு பைத்தியம், பிச்சைக்காரன். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொடுக்கிறாள். ரயில் கிளம்பிவிடுகிறது.

அந்த நிமிடத்தில் யாருக்கு என்ன உணர்ச்சி? சீனுவுக்குப் பதற்றம், அவசரம், எப்படியாவது அவள் திரும்பிப் பார்த்துவிடுவாள் என்ற நம்பிக்கை. விஜிக்குக் கொஞ்சம் சங்கடம், கொஞ்சம் இரக்கம். நமக்கு? தொண்டை அடைக்கும் துக்கம். இந்தத் துக்கம் திரையில் இருக்கும் இருவரில் ஒருவரிடமும் அந்த நேரத்தில் இல்லை. அப்படியென்றால் அது அங்கிருந்து "இறங்கி" வந்திருக்க முடியாது.

விஜி சிகிச்சைக்குப் பிறகு கண் விழித்ததையும், பெற்றோரை அடையாளம் கண்டதையும், இடையில் வாழ்ந்த காலம் அவளிடமிருந்து அழிந்துபோனதையும் நாம் பார்த்துவிட்டோம். சீனு பார்க்கவில்லை. சீனு அவளுக்கு என்னவாக இருந்தான் என்பது நமக்குத் தெரியும், விஜிக்குத் தெரியாது. கதையின் இரண்டு பாதிகளும் ஒன்றாக இருக்கிற ஒரே இடம் பார்வையாளரின் மனம்தான். அங்கே நாமே சேர்த்துக் கட்டியதற்காகத்தான் அழுகிறோம். பாத்திரத்தின் உணர்ச்சியை நகலெடுப்பவராகப் பார்வையாளரை நினைப்பது அவரைக் குறைத்து மதிப்பிடுவது. உங்கள் அனுபவம் என்ன?

முன்வரிசை

நல்ல கேள்விதான். ஆனால் உடம்பை மறந்துவிட்டீர்கள். ஒரு குழந்தை அழுதால் பக்கத்துத் தொட்டில் குழந்தையும் அழ ஆரம்பிக்கிறது. அதற்குக் கதை தெரியுமா? குளோசப்பில் ஒரு முகம் உதடு துடிக்க அழுதால், படத்தின் பெயர்கூடத் தெரியாமல் பாதியில் வந்து உட்கார்ந்தவருக்கும் முகம் சுருங்குகிறது. பின்னணியில் வயலின் ஏறினால் இன்னும் சுலபம். இது தொற்று. நகல் என்றே சொல்லலாம், அதில் இழிவு ஒன்றும் இல்லை.

பயத்தையும் பாருங்கள். கதவைத் திறந்தவுடன் 'டமால்' என்று ஒரு சத்தம் வைத்தால் கொட்டகையே துள்ளும். என்ன கற்பனை வேண்டியிருக்கிறது இதற்கு?

கொட்டகைவாசல்

துள்ளுவது உண்மை. ஆனால் அது எத்தனை நேரம் நிற்கிறது? அடுத்த நொடி எல்லோரும் சிரித்துவிடுகிறோம். திகில் படங்களின் இயக்குநர் ஹிட்ச்காக் இதைத்தான் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் பிரித்துச் சொன்னார். மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாமல் அது வெடித்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முன்பே காட்டிவிட்டு, மேசையில் இருப்பவர்களைச் சாதாரணமாக ஊர்க்கதை பேச வைத்தால் பதினைந்து நிமிடம் பதைபதைப்பு. இரண்டாவதில் மேசையில் இருப்பவர்களுக்குப் பயமே இல்லை. அவர்கள் நிம்மதியாக இருக்க இருக்கத்தான் நமக்குப் பதறுகிறது. தொற்று என்றால் அவர்களுடைய நிம்மதியல்லவா நமக்குத் தொற்ற வேண்டும்?

இரவுக்காட்சி

ஒரு திருத்தம். மூன்றாம் பிறையில் சீனுவுக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்ல முடியாது. அவள் தன்னை அடையாளம் காணவில்லை என்று புரிந்ததால்தானே குரங்கு விளையாட்டையே ஆரம்பிக்கிறான்? நினைவுபடுத்தத்தான் அதைச் செய்கிறான். அவனுக்கும் பாதி தெரிந்துவிட்டது. அதனால் "துக்கம் அவனிடம் இல்லை" என்பது கொஞ்சம் அதிகம்.

கொட்டகைவாசல்

சரியான இடத்தைப் பிடித்தீர்கள். அவள் அடையாளம் காணவில்லை என்பது அவனுக்குத் தெரிகிறது. இனி காணவே மாட்டாள் என்பது தெரியாது. தெரிந்திருந்தால் சட்டியைத் தூக்கித் தலையில் வைத்திருக்க மாட்டான். அவன் முயற்சி செய்துகொண்டிருக்கிறான், நாம் முயற்சியைக் கைவிட்டுவிட்டோம். அவன் இன்னும் நம்புகிறான் என்பதுதான் நமக்குத் தாங்க முடியவில்லை. ரயில் போன பிறகு அவன் முகத்தில் வருவது வேறு. ஆனால் அதற்கு முன்பே கொட்டகையில் பாதிப் பேர் அழுதுவிட்டார்கள்.

மெய்யுரை

இந்த விவாதம் தமிழில் மிகப் பழையது. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று தனியாக ஓர் இயல் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. அதற்கு உரை எழுதிய இளம்பூரணர், செயிற்றியம் என்ற பழைய கூத்து நூலிலிருந்து ஒரு வரியை எடுத்துக் காட்டுகிறார்: "உய்ப்போன் செய்தது காண்போர்க்கு எய்துதல் மெய்ப்பாடு என்ப மெய்யுணர்ந்தோரே." நடிப்பவன் செய்வது பார்ப்பவனுக்குப் போய்ச் சேர்கிறது என்பது அந்தக் கட்சி. முன்வரிசை இந்தப் பக்கம் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

பேராசிரியர் என்ற பெயருடைய இன்னொரு பழைய உரையாசிரியரின் உரையில் வேறோர் உதாரணம் வருகிறது. சிங்கத்தைக் கண்டு பயந்து ஒருவன் ஓடி வருகிறான். அவனை இன்னொருவன் பார்க்கிறான். இவன் எதையோ கண்டு அஞ்சினான் என்று அறிவானே தவிர, பார்ப்பவன் சிங்கத்தைப் பார்க்கவில்லை. பார்ப்பவனுக்கு என்ன பிறக்கும்? சிரிப்பு வரலாம், இரக்கம் வரலாம். அச்சம் பிறக்காது என்கிறார். கொட்டகைவாசல் மலை ரயில் நிலையத்தை வைத்துச் சொன்னதை அவர் நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு சிங்கத்தை வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கேமராவே இல்லாத காலத்தில்! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது.

இன்னொன்று. அழுகை எதிலிருந்து வரும் என்று தொல்காப்பியம் நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ நிற்பது, இழப்பது, முன்பிருந்த நிலை கெட்டு வருந்துவது, இல்லாமை. அந்தப் பொட்டலம் கை மாறும் ஒரு ஷாட்டில் நான்கும் இருக்கின்றன. அவன் அவளை இழக்கிறான், அவள் கண்ணில் இழிந்து நிற்கிறான், வாத்தியாராக இருந்தவன் நிலை கெட்டு நிற்கிறான், ஒன்றும் இல்லாதவனாக எண்ணப்படுகிறான். படத்தை இயக்கிய பாலு மகேந்திரா மெய்ப்பாட்டியலைப் பார்த்து எழுதினார் என்று சொல்ல வரவில்லை. மனிதர்கள் எதற்கு அழுவார்கள் என்பதை இருவரும் கவனித்திருக்கிறார்கள்.

முன்வரிசை

மெய்யுரை ஐயா, பேராசிரியர் உதாரணம் அருமை. ஆனால் சினிமா சிங்கத்தையும் சேர்த்துக் காட்டுகிறதே? ஓடுகிறவனை மட்டும் பார்த்தால் சிரிப்பு வரும். சிங்கத்தை நம் முகத்துக்கு நேராக ஓடி வரச் செய்தால்?

மெய்யுரை

பார்ப்பவன் தானே சிங்கத்தைக் கண்டால் அது வேறு, அப்போது அச்சம் அவனுடையதே என்று அவரும் ஒதுக்கி வைக்கிறார். உங்கள் கேள்வியை 1978இல் கெண்டல் வால்டன் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் எடுத்துக்கொண்டார். பச்சை நிறத்தில் வழியும் ஒரு கொடிய பிண்டம் திரையிலிருந்து பார்ப்பவனை நோக்கியே நகர்ந்து வருகிறது. அவன் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொள்கிறான், இதயம் அடித்துக்கொள்கிறது. ஆனால் எழுந்து ஓடவில்லை. அதனால் அது அசல் பயம் இல்லை, பாவனை விளையாட்டில் வரும் பயம் போன்ற ஒன்று என்றார். நான் இதை முழுதாக ஏற்கவில்லை. ஓடாததால் பயம் பொய்யாகிவிடாது. ஆனால் ஓடாமல் உட்கார்ந்திருப்பதால்தான் அந்தப் பயத்தை நாம் ருசிக்க முடிகிறது என்பதை மறுக்கவும் முடியாது.

எடிட்டிங்மேசை

எடிட்டிங் அறையில் வேலை செய்கிறவன் என்ற முறையில் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த குலெஷோவ் கதை. ரஷ்யப் புரட்சியை ஒட்டிய வருடங்களில் லெவ் குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர், மோஸ்யூகின் என்ற நடிகரின் சலனமில்லாத முகத்தை எடுத்து, ஒரு சூப் தட்டுக்குப் பக்கத்திலும் ஒரு சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் ஒட்டிக் காட்டினார். ஒரே முகம். ஆனால் பார்த்தவர்கள் பசியை எப்படி நடித்திருக்கிறார், சோகத்தை எப்படி நடித்திருக்கிறார் என்று பாராட்டினார்கள் என்று இன்னொரு ரஷ்ய இயக்குநர் புடோவ்கின் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பிலிம் துண்டு இன்று இல்லை. பின்னாளில் ஆய்வகத்தில் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்குக் கலவையான முடிவுகளே கிடைத்திருக்கின்றன. அதனால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மேசையில் தினமும் பார்க்கிறேன்: நடிகர் 'டேக்' முடிந்து, டைரக்டர் 'கட்' சொல்வதற்காகச் சும்மா காத்திருந்த இரண்டு விநாடி இருக்கிறதே, அந்த வெற்று முகம்தான் பல படங்களில் சோகத்தின் உச்சமாக இருக்கிறது. அவர் ஒன்றையும் நினைக்கவில்லை. நினைத்தது முழுவதும் நீங்கள்.

இரண்டு, என் வருத்தம். இப்படி வெறுமையாக ஒரு ஷாட்டை வைத்துவிட்டு வந்தால், பல நேரம் தயாரிப்புத் தரப்பிலிருந்து "ஃபீல் பத்தல" என்று திரும்பி வரும். கண்ணீர் வழிகிற ஷாட்டைப் போடு, பக்கத்தில் நிற்பவர்களும் கண்ணைத் துடைக்கட்டும், பின்னணி இசையில் வயலினை ஏற்று. போடுவோம். திரையில் எட்டுப் பேர் அழுவார்கள், கொட்டகையில் யாரும் அழ மாட்டார்கள். நாம் செய்ய வேண்டிய வேலையைத் திரையில் இருப்பவர்களே செய்து முடித்துவிட்டால் நமக்கு அங்கே என்ன மிச்சம் இருக்கிறது? தொற்றுதான் காரணம் என்றால் எட்டுப் பேர் அழும்போது எட்டு மடங்கு அல்லவா அழ வேண்டும்?

பதேர் பாஞ்சாலி (1955) பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். ஊரிலிருந்து திரும்பிய ஹரிஹர், மகள் துர்கா இறந்தது தெரியாமல் அவளுக்கு வாங்கி வந்த புடவையை எடுத்து நீட்டுகிறார். மனைவி சர்பஜயா அதை வாங்கி வாயில் கவ்விக்கொண்டு உடைகிறாள். அவளுடைய கதறல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் ரவிசங்கரின் இசையில் தார் ஷெனாய் என்ற நரம்பு வாத்தியம் மட்டும் உச்சத்தில் ஒலிக்கிறது. இயக்குநர் சத்யஜித் ராய் ஒரு தாயின் குரலை எடுத்துவிட்டார். அந்தக் குரலைப் போட்டுக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பாகிவிட்டது. ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த ஒரு குரலைத்தான் அங்கே வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இரவுக்காட்சி

உதிரிப்பூக்கள் (1979) முடிவும் இதே வகைதான். ஊரே சேர்ந்து சுந்தரவடிவேலை ஆற்றுக்குள் இறங்க வைக்கிறது. இதுவரை நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீருக்குள் போகிறார். கரையில் இரண்டு குழந்தைகள். படம் முழுக்க அவரை வெறுத்துக்கொண்டே வந்தோம். இப்போது என்ன உணர்வது? வெறுப்பும் நிற்கவில்லை, இரக்கமும் வரவில்லை, ஊர் மேல் கோபமும் முழுதாக இல்லை. திரையில் இருக்கும் யாருடைய உணர்ச்சியையும் கடன் வாங்க முடியாத இடத்தில் இயக்குநர் மகேந்திரன் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார். வீட்டுக்கு வந்தும் தீரவில்லை எனக்கு.

பனைநிழல்

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவன், இப்போது வெளிநாட்டில். நீங்கள் எல்லோரும் ஒன்றைக் கட்டாயம் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள்: பார்வையாளர் எப்போதும் வெளியே பாதுகாப்பாக இருக்கிறார் என்று.

போர்ப் படங்களில் விமானம் தாழப் பறந்து வரும் சத்தம் வரும் அல்லவா, நல்ல தியேட்டரில் அது பின்னாலிருந்து தலைக்கு மேலே கடந்து போகும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது அற்புதமான ஒலியமைப்பு. எனக்கு அது கிபிர், எங்கள் ஊரில் குண்டு போட்ட போர் விமானம். கால் தானாக நிலத்தை நோக்கிப் போகிறது, பங்கர் எந்தப் பக்கம் என்று மனம் தேடுகிறது. கதாநாயகனுக்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது, பிறகு நண்பர்களைக் கேட்டுத்தான் அறிந்துகொள்வேன். படம் முடிந்து வெளிக்கிடும்போது அவர்கள் அழுத கண்களுடன், மனம் இலேசாகி வருகிறார்கள். நான் அழவும் இல்லை, இலேசாகவும் இல்லை.

என் அம்மம்மா இப்படியான படங்களுக்கு வரமாட்டார். "அது படம் இல்லை மோனை" என்பார். என்னுடைய உணர்ச்சி பாத்திரத்தின் நகல் இல்லை என்பது எனக்கும் சரி. ஆனால் அது நீங்கள் சொல்லும் கற்பனையும் இல்லை. அங்கே கற்பனைக்கு இடமே இல்லாமல் போய்விடுகிறது.

கொட்டகைவாசல்

பனைநிழல், இதை எழுதியதற்கு நன்றி. இதற்கு உடனே பதில் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. யோசித்து எழுதுகிறேன்.

மெய்யுரை

பனைநிழல் சொன்னது, கலையில் சுவை எப்படிப் பிறக்கிறது என்று பேசும் இரசக் கொள்கையில் ஒரு முக்கியமான இடம். நாட்டிய சாஸ்திரத்துக்கு உரை எழுதிய காஷ்மீரத்து அபிநவகுப்தர், சுவை பிறக்கவிடாமல் தடுக்கும் தடைகள் ஏழு என்று பட்டியலிடுகிறார். அவற்றில் ஒன்று, பார்ப்பவர் தன்னுடைய சொந்த இன்ப துன்பத்தில் ஆழ்ந்துபோவது. மேடையில் நடக்கும் துயரம் "என்னுடையது" ஆகிவிட்டால் அது துயரம்தான், சுவை இல்லை. முழுக்க "அவனுடையது" ஆகிவிட்டாலும் நமக்கு அதில் வேலை இல்லை. இரண்டும் இல்லாத பொதுவான ஒன்றாக அது மாற வேண்டும்.

இதைக் கேட்டால் ஏதோ ரசிகனின் குறைபாடு போலத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. விமானச் சத்தத்துக்கு உடம்பு பதறுகிற ஒருவர் ரசனையில் குறைந்தவர் அல்ல. அந்தச் சத்தத்தை அலங்காரமாக வைத்தவர்தான், இந்தக் கொட்டகையில் யார் உட்கார்ந்திருக்கக்கூடும் என்று யோசித்திருக்க வேண்டும்.

இருட்டுத்திரை

வாசகனாக மட்டும் இருந்தேன், முதல் முறையாக எழுதுகிறேன். கற்பனை கற்பனை என்று எல்லோரும் சொல்கிறீர்கள். எனக்கு மனக்கண்ணில் படம் வராது. "ஒரு ஆப்பிளை நினைத்துப் பார்" என்றால் ஆப்பிள் என்னவென்று தெரியும், ஆனால் மனக்கண்ணில் ஒன்றும் தோன்றாது, இருட்டுதான். இதற்கு அஃபன்டேசியா என்று 2015இல் ஆடம் ஜீமன் என்ற நரம்பியல் மருத்துவர் பெயர் வைத்தார். பெயர் வந்த பிறகுதான் மற்றவர்களுக்கு நிஜமாகவே படம் தெரிகிறது என்பதே எனக்குத் தெரிந்தது.

2021இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு எனக்கு ரொம்ப நெருக்கமானது. பயங்கரக் கதைகளை எழுத்தில் படிக்கக் கொடுத்து, தோலில் வியர்வையால் வரும் மின்மாற்றத்தை அளந்தார்கள். மற்றவர்களுக்கு அளவு ஏறியது, என்னைப் போன்றவர்களுக்கு ஏறவில்லை. ஆனால் பயங்கரமான புகைப்படங்களைக் காட்டியபோது இரு தரப்புக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி. என் அனுபவமும் இதுதான். பேய்க்கதை படித்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. பேய்ப்படம் என்றால் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் தூங்குவேன்.

ஆனால் எடிட்டிங்மேசை சொன்ன தார் ஷெனாய் இடத்தில் நானும் அழுதேன். என்னால் அந்தக் கதறலை மனதுக்குள் கேட்கவும் முடியாது, காட்டாத எதையும் பார்க்கவும் முடியாது. அப்படியானால் அங்கே நான் செய்தது என்ன?

கொட்டகைவாசல்

இந்த இழையில் எனக்குக் கிடைத்த மிக உபயோகமான கேள்வி இது. "காட்டாததை மனதில் படமாக வரைந்துகொள்வது" என்பதுதான் கற்பனை என்று வைத்துக்கொண்டால் உங்கள் அழுகையை விளக்க முடியாது. நீங்கள் செய்தது இதுவாக இருக்கும்: துர்கா போய்விட்டாள் என்பதைக் கையில் வைத்துக்கொண்டே, அது தெரியாத ஒரு மனிதர் புடவையை விரித்துக் காட்டுவதைப் பார்த்தீர்கள். அவருக்குத் தெரியாததை அவருக்காகத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அதற்குப் படம் வேண்டாம். ஒருவருக்குத் தெரிந்ததையும் இன்னொருவருக்குத் தெரியாததையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்கிற திறன் போதும். சினிமாவில் நாம் கற்பனை என்று சொல்வது பெரும்பாலும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. படத்தைத்தான் திரையே கொடுத்துவிடுகிறதே!

பனைநிழலுக்கும் இதிலிருந்து ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். அந்தச் சத்தம் வந்ததும் பாத்திரத்துக்கும் உங்களுக்கும் தெரிந்தவை வேறு வேறாக இல்லாமல் போகின்றன. பாத்திரத்துக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிட்டது, அதுவும் உடம்பால். நாங்கள் அனுபவிக்கும் அந்த இடைவெளி உங்களுக்கு மூடிப்போகிறது.

பனைநிழல்

ஓம், இது கிட்டத்தட்டச் சரி. மூடிப்போவதோடு இன்னொன்றும் உண்டு. எனக்குத் தெரிந்தது படத்தில் இருப்பதைவிடக் கூட. படம் எதை விட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும். அதனால் பக்கத்தில் அழுகிறவர்கள் மீது சில நேரம் கோபம் வரும், அவர்கள் மீது பிழை இல்லை என்று தெரிந்தும்.

ரேடியோபெட்டி

படமே இல்லாமல் சினிமா அனுபவித்த தலைமுறையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே! வானொலியில் 'ஒலிச்சித்திரம்' போடுவார்கள். முழுப் படத்தையும் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி, வசனமும் பாட்டும் பின்னணி இசையும் மட்டும். எங்கள் தெருவில் ரேடியோ இருந்த வீட்டுத் திண்ணையில் எல்லோரும் கூடிவிடுவோம். கதாநாயகி அறைவாங்கினாளா, அறைந்தாளா என்று சத்தத்தை வைத்து இரு கட்சியாகப் பிரிந்து சண்டை நடக்கும்.

அப்புறம் 1984இல் 'விதி' படம் வந்தது. அதன் வசன கேசட் ஓடிய ஓட்டம் இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். டீக்கடையில், கல்யாண வீட்டில், கோயில் கொடையில், ஒலிபெருக்கி கட்டிய இடமெல்லாம் நடிகை சுஜாதாவின் நீதிமன்ற வாதம். படத்தைப் பார்க்காதவர்களும் வசனத்தை ஒப்பிப்பார்கள். கேட்டுக்கொண்டே அம்மியில் அரைத்த என் அத்தை முந்தானையால் கண்ணைத் துடைப்பார். அந்த அத்தைக்கு மோகன் முகம் தெரியாது, பூர்ணிமா முகமும் தெரியாது. "அந்தப் பிள்ளை கோர்ட்டுல நிக்கிதே" என்பார். அவர் மனதில் யார் நின்றார்கள்? ஊரில் அதே போல ஏமாற்றப்பட்டு நின்ற ஒரு பெண் இருந்தாள், எங்கள் எல்லோருக்கும் தெரியும். அத்தை அவளுக்காகத்தான் அழுதார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

முன்வரிசை

ரேடியோபெட்டி அண்ணாச்சி, அந்த அத்தை என் கட்சியையும் கொஞ்சம் உடைத்துவிட்டார், கொட்டகைவாசல் கட்சியையும் உடைத்துவிட்டார் பாருங்கள். பாத்திரத்துக்காகவும் இல்லை, கதைக்காகவும் இல்லை, ஊர்ப் பெண்ணுக்காக.

இன்னொரு பக்கமும் சொல்கிறேன். ஊரி ஹாசன் என்ற நரம்பியல் ஆய்வாளரும் அவர் குழுவும் 2008இல் ஒன்றை வெளியிட்டார்கள். படம் பார்ப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்து, எவ்வளவு பகுதி ஒருவருக்கொருவர் ஒத்து இயங்குகிறது என்று அளந்தார்கள். ஹிட்ச்காக்கின் ஒரு தொலைக்காட்சிக் கதைக்கு மூளைப் புறணியில் 65 சதவீதம் வரை ஒத்துப்போனது. இத்தாலிய இயக்குநர் லியோனேயின் கௌபாய் படத்துக்கு 45. ஒரு நகைச்சுவைத் தொடருக்கு 18. பூங்காவில் கேமராவை நிறுத்திவைத்து எடுத்த வெட்டப்படாத காட்சிக்கு 5க்கும் கீழே. அதாவது நல்ல இயக்குநர் நம் அத்தனை பேரையும் ஒரே நூலில் ஆட்டுகிறார். "ஒவ்வொருவரும் தனக்கென்று கட்டிக்கொள்வது" என்பதற்கு இதில் எவ்வளவு இடம் இருக்கிறது?

எடிட்டிங்மேசை

எங்கே பார்க்கிறோம், எதைக் கேட்கிறோம், எப்போது எதிர்பார்க்கிறோம் என்பதை எங்களால் பிடித்து வைக்க முடியும். அந்த எண் அதைத்தான் காட்டுகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் கதவைப் பார்க்கிறார்கள். கதவுக்குப் பின்னால் யார் என்று நினைக்கிறார்கள் என்பது வேறு விஷயம். ஒத்துப்போவது அதிகமாக இருந்தால் படம் நல்ல படம் என்று அந்த ஆய்வாளர்களே சொல்லவில்லை.

சிரிப்பொலி

பேராசிரியரின் சிங்கத்தைப் படித்ததிலிருந்து ஒரு காட்சி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. காதலிக்க நேரமில்லை (1964). படம் எடுக்கப் போகிறேன் என்று திரியும் செல்லப்பா (நாகேஷ்), அப்பாவிடம் (பாலையா) கதை சொல்கிறான். நாகேஷ் கதவு கிறீச்சிடுவதையும் காலடிச் சத்தத்தையும் வாயாலேயே போடுகிறார். பாலையா உட்கார்ந்த இடத்திலேயே ஒடுங்குகிறார், கண் பிதுங்குகிறது, முகம் வெளுக்கிறது. திரையில் பேயும் இல்லை, இருட்டு வீடும் இல்லை. பகலில் வீட்டில் இருவர் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

இந்த இழையில் பேசிய எல்லாம் அந்த ஒரு காட்சிக்குள் இருக்கிறது. பாலையாதான் அதில் பார்வையாளர். கதை பொய் என்று அவருக்கு நன்றாகத் தெரியும், மகன் காசு கேட்கத்தான் கதை சொல்கிறான் என்றும் தெரியும், இருந்தும் நடுங்குகிறார். வால்டன் சொன்ன நாற்காலியைப் பிடித்த மனிதர் அவரேதான். அவர் பயப்படுவதைப் பார்க்கும் நமக்குப் பயமா வருகிறது? அறுபது வருடமாகத் தமிழர்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அஞ்சினவனைக் கண்டால் காண்போருக்கு நகை பிறக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இரவுக்காட்சி

ஆனால் சின்னப் பிள்ளையாக அந்தக் காட்சியைப் பார்த்தபோது நான் நிஜமாகப் பயந்தேன். அப்பா சிரிக்க, நான் அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். நாகேஷ் சொல்லும் கதைக்குள் நானும் பாலையாவோடு போய்விட்டேன். வெளியே நின்று பாலையாவைப் பார்க்க அந்த வயதில் தெரியவில்லை.

சிரிப்பொலி

அப்படியானால் ஒரே காட்சிக்கு ஒரே வீட்டில் இரண்டு உணர்ச்சி. உங்கள் அப்பா பாலையாவைப் பார்த்தார், நீங்கள் நாகேஷ் சொன்னதைப் பார்த்தீர்கள்.

எடிட்டிங்மேசை

அதில் இயக்குநர் ஸ்ரீதர் எடுத்த முடிவைத்தான் நான் எங்கள் உதவியாளர்களுக்கு எப்போதும் சொல்வேன். நாகேஷ் சொல்லும் கதையைக் காட்சியாக எடுத்து இடையில் ஒட்டியிருக்கலாம். இன்றைக்கு என்றால் கட்டாயம் ஒட்டச் சொல்வார்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு பாழடைந்த பங்களா, ஓர் உருவம், பின்னால் அலறல். அப்படி ஒரு நாலு ஷாட் அங்கே போயிருந்தால் நமக்கும் சிங்கம் தெரிந்திருக்கும், இரவுக்காட்சியின் அப்பாவும் மகனோடு சேர்ந்து பயந்திருப்பார், பாலையாவின் முகத்தைப் பார்க்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது. ஸ்ரீதர் அந்த இருவரையும் விட்டுக் கேமராவை எங்கேயும் கொண்டுபோகவில்லை. அதனால்தான் பயம் பாலையாவிடமும் சிரிப்பு நம்மிடமும் தங்கியது.